செவிக்கு எட்டாத அலை

தான் ஒலிக்காமலே பிற ஒலிகளை ஆட்டிவைக்கும் அலையொன்று கணினி இசையில் உண்டு. 'எல்.எப்.ஓ.' என்று சுருக்கமாக வழங்கும் தாழ் அதிர்வெண் அலையியற்றியே அது.

விநாடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வுகளுக்குக் குறைந்தவற்றை மனிதச் செவி சுருதியாக உணர்வதில்லை. அந்த எல்லைக்குக் கீழே இயங்கும் இவ்வலை, வேறோர் ஒலியின் சுருதியைப் பற்றி மேலும் கீழும் அசைக்கிறது. விநாடிக்கு ஐந்தாறு தடவை, சிறிய அளவில் அசைத்தால், பாடகரின் குரலிலும் வயலினிலும் கேட்கும் நடுக்கம் பிறக்கிறது.

அசைவின் அளவை அதிர்வுகளின் எண்ணிக்கையால் அல்ல, விகிதத்தால் அளக்க வேண்டும். 440 அதிர்வுகள் கொண்ட சுரத்திலிருந்து அரைச்சுரம் மேலே செல்ல ஏறத்தாழ 26 அதிர்வுகள் கூட வேண்டும். 220இல் 13 போதும். இரண்டிலும் செவி உணரும் தொலைவு ஒன்றே.

1967இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் இந்த அசைவைக் கணினியில் மேலும் மேலும் விரைவாக்கிப் பார்த்தார். ஓர் எல்லைக்கு அப்பால் நடுக்கம் மறைந்து, ஒலியின் நிறமே மாறிற்று. இக்கண்டுபிடிப்பின் வழியே 1983இல் யமஹா நிறுவனத்தின் டிஎக்ஸ்7 என்னும் புகழ்பெற்ற இசைக்கருவி வந்தது.

அவருடைய பிற்காலச் சோதனை என்னை இன்னும் கவர்கிறது. கணினியில் சில தூய ஒலிகளை அடுக்கினார். அவை உயிரற்றே நின்றன. அனைத்துக்கும் ஒரே நடுக்கத்தையும், அதனுடன் சிறிது ஒழுங்கின்மையையும் சேர்த்ததும், அவை ஒன்றுகூடி ஒரு பெண் பாடும் குரலாயின. ஒன்றாக அசைவன ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்று செவி முடிவுசெய்கிறது.

நம்மவர் விழாக்களில் கீபோர்ட்டில் எழும் நாதஸ்வர ஒலி பல வேளைகளில் வெறுமையாகப் படுவதன் காரணமும் இங்கே ஓரளவு புலப்படும். கமகம் இராகத்துக்கும் சுரத்துக்கும் ஏற்ப வேகமும் அளவும் மாறுவது. சில சுரங்கள் அசையவே கூடாது. இயந்திரமோ எல்லாச் சுரங்களுக்கும் ஒரே நடுக்கத்தை ஏற்றிவிடுகிறது.

பல கீபோர்ட்களின் இடப்பக்கத்தில் நடுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சக்கரம் இருக்கிறது. எந்தச் சுரத்தில், எப்போது, எவ்வளவு என்பதை அதைத் தொடும் விரலே தீர்மானிக்க வேண்டும். அதற்கு வாசிப்பவர் முதலில் இராகத்தைக் கேட்டிருக்க வேண்டும்.