பெயரிலேயே சர்க்கார்

கொல்கத்தாவில் எஸ்பிளனேடிலிருந்து நடக்கும் தூரத்தில், சித்தரஞ்சன் அவென்யூ 4ஆம் எண்ணில், எல்.ஐ.சி.யின் கிழக்கு மண்டல அலுவலகம் இருக்கிறது. கட்டடத்தின் பெயர் இந்துஸ்தான் பில்டிங். பாலிசி விஷயமாக வந்துபோகிறவர்களுக்கு அந்தப் பெயரில் விசேஷமாக எதுவும் தோன்றாது. அரசு நிறுவனம், தேசத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் அது ஒரு தனியார் கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனியில் சாதாரண ஊழியராக நுழைந்து, அதன் தலைவராகி, அங்கிருந்து மேயர், மாகாண நிதியமைச்சர், வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சில் உறுப்பினர், சுதந்திர மேற்கு வங்கத்தின் நிதியமைச்சர் என்று ஒவ்வொரு படியாக ஏறியவர் நளினி ரஞ்சன் சர்க்கார்.

தமிழ்க் காதுக்கு நளினி பெண் பெயர். சர்க்கார் என்றால் அரசாங்கம். வங்காளத்தில் நளினி ரஞ்சன் ஆண் பெயர்தான், சர்க்கார் குடும்பப் பெயர். இருந்தாலும் இந்த மனிதருக்கு அது பொருந்திப்போனது. 1937இலிருந்து 1952 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் ஏதோ ஒரு சர்க்காருக்குள்தான் கழித்தார். அது யாருடைய சர்க்கார் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

1882இல் கிழக்கு வங்காளத்தின் மைமன்சிங் மாவட்டத்தில் பிறந்தவர். பணமுடையால் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. கல்கத்தாவில் அவருக்கு வேலை கொடுத்த இந்துஸ்தான் கூட்டுறவு இன்சூரன்ஸ் சொசைட்டி, 1907இல் சுதேசி அலையில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் தாகூரின் அண்ணன் மகன் சுரேந்திரநாத் தாகூர். தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906இல். இரண்டுக்கும் பின்னால் வீசியது ஒரே காற்று. கப்பல் கம்பெனியை வெள்ளைக்காரக் கம்பெனியின் போட்டியும் அரசாங்கத்தின் கெடுபிடியும் சேர்ந்து மூழ்கடித்தன. இன்சூரன்ஸ் கம்பெனி பிழைத்துக்கொண்டது. ஆவேசமாகத் தொடங்கியதைக் கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு நடத்த ஆள் கிடைத்தது ஒரு காரணம்.

இன்சூரன்ஸ் தொழிலில் அவர் கற்றதுதான் பிறகு அவருடைய அரசியலாகவும் ஆயிற்று. பல பேரிடம் சிறுகச் சிறுகப் பணம் வாங்கி, எப்போதோ வரப்போகும் ஆபத்துக்கு இன்றே ஒதுக்கி வைக்கிற தொழில் அது. அதில் ஊறியவருக்குப் புரட்சி பிடிக்காது. அவர் பழமைவாதி என்றால் இந்தப் பொருளில்தான்: அரசாங்கத்தை வெளியே நின்று உடைப்பதைவிட உள்ளே உட்கார்ந்து நடத்துவது மேல் என்று நம்பியவர். சித்தரஞ்சன் தாஸின் சுயராஜ்யக் கட்சி சார்பில் 1923இல் வங்காள சட்டசபைக்குப் போனார். தாஸின் மறைவுக்குப் பின் கல்கத்தா காங்கிரசை ஆட்டிவைத்த 'ஐந்து பெரியவர்கள்' என்று பி.சி. ராய், சரத் சந்திர போஸ், நிர்மல் சந்திர சந்தர், துளசி கோஸ்வாமி ஆகியோரோடு இவரையும் சேர்த்துச் சொன்னார்கள். டாக்டர், பாரிஸ்டர், ஜமீன்தார் என்று வசதியாக இருந்த அந்தக் கூட்டத்தில், கீழ்மட்ட வேலையிலிருந்து மேலே வந்தவர் இவர்.

1934-35இல் கல்கத்தா மேயர். அடுத்த ஆண்டு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஃபஸ்லுல் ஹக். 1937 தேர்தலில் வங்காளத்தில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. விவசாயிகளின் தலைவரான ஹக், காங்கிரசோடு சேரத்தான் முதலில் பேசினார். பேச்சு முறிந்து முஸ்லிம் லீகோடு சேர்ந்தார். அந்த மந்திரிசபையில், காங்கிரசுக்கு வெளியே நின்ற சர்க்கார் நிதியமைச்சரானார்.

அவருடைய வாழ்க்கையில் மிகவும் யோசிக்க வைக்கிற பகுதி அடுத்த ஆண்டு வருகிறது. 1938இல் காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். ஹக் மந்திரிசபையைக் கவிழ்த்து, காங்கிரசும் இடம்பெறும் கூட்டணி ஆட்சி ஒன்றை வங்காளத்தில் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய திட்டம். இல்லாவிட்டால் இந்து-முஸ்லிம் பிளவு ஆழமாகிவிடும் என்று அஞ்சினார். காந்தியும் இதற்கு ஒப்புக்கொண்டதாகவே நினைத்திருந்தார். டிசம்பரில் வார்தாவிலிருந்து கன்ஷியாம்தாஸ் பிர்லா ஒரு கடிதம் கொண்டுவந்தார். மந்திரிசபையை மாற்றும் முயற்சி வேண்டாம் என்று காந்தி எழுதியிருந்தார். அதற்கு முன் அவர் கலந்து பேசியவர்கள் மௌலானா ஆசாத், பிர்லா, நளினி ரஞ்சன் சர்க்கார்.

டிசம்பர் 21ஆம் தேதி சுபாஷ் எழுதிய பதிலில் அதிர்ச்சியும் கசப்பும் மறைக்கப்படவில்லை. வங்காளத்தில் காங்கிரசை நடத்துகிறவர்களின் கருத்தைவிட இந்த மூவரின் கருத்து பெரிதாகிவிட்டதே என்பது அவர் குறை. குறையில் நியாயம் இருந்தது. கவிழ்க்கப்பட வேண்டிய மந்திரிசபையின் நிதியமைச்சரே, அதைக் கவிழ்க்கலாமா என்ற ஆலோசனையில் கலந்துகொண்டிருக்கிறார்! அந்தக் கூட்டணி அமைந்திருந்தால் வங்காளத்தின் பிரிவினை நின்றிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. முயன்று பார்க்கும் வாய்ப்பு கைநழுவியது, அது நழுவியபோது சர்க்கார் பக்கத்தில் இருந்தார் என்பது வரை சொல்லலாம். அடுத்த ஆண்டு டிசம்பரில், யுத்தம் பற்றிய அரசுத் தீர்மானத்தில் ஹக்கோடு முரண்பட்டு அவரே விலகினார். மூன்று மாதம் கழித்து, 1940 மார்ச்சில், லாகூரில் முஸ்லிம் லீகின் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஹக்.

1941இல் வைஸ்ராய் தன் நிர்வாகக் கவுன்சிலை விரித்து இந்தியர்களைக் கூடுதலாகச் சேர்த்தபோது சர்க்கார் உள்ளே போனார். முதலில் கல்வி, சுகாதாரம், நிலம், பிறகு வர்த்தகம். 1942 ஆகஸ்டில் காந்தியும் காங்கிரஸ் தலைவர்களும் ஒரே நாளில் கைது செய்யப்பட்டபோது அவர் பதவியில்தான் இருந்தார். விலகவில்லை. 1943 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கி, அவர் உயிருக்கு ஆபத்து என்ற நிலையிலும் அரசு விடுவிக்க மறுத்தபோது, ஹோமி மோடி, ஆனே ஆகிய இருவரோடு சேர்ந்து ராஜினாமா செய்தார். பொறுக்க முடிகிற எல்லை ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தில் இருக்கும். இவருடைய எல்லை ஆகஸ்டில் இல்லை, பிப்ரவரியில் இருந்தது.

இன்னொன்றும் அந்த மாதங்களில் உண்டு. மத்திய அரசில் உணவுத்துறை என்று தனியாக ஒன்று 1942 டிசம்பரில்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முதல் பொறுப்பு இவரிடம். அவர் வெளியேறிய சில மாதங்களில் கல்கத்தா நடைபாதைகளில் கஞ்சித் தண்ணீர் கேட்டுக் கிராமத்து ஜனங்கள் விழுந்து செத்தார்கள். அரசு விசாரணைக் கமிஷன் சொன்ன கணக்கே 15 லட்சம்; பின்னால் வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். இரண்டு மாதத்துச் சொச்சம் பொறுப்பில் இருந்தவர் மீது அந்தப் பாவத்தை ஏற்றுவது அநியாயம். ஆனால் உள்ளே இருந்தால்தான் ஏதாவது செய்ய முடியும் என்ற அவருடைய வாதத்துக்கு அந்த ஆண்டு சாதகமாக இல்லை.

அந்த வாதத்துக்குச் சாதகமான சாட்சி சென்னையிலேயே நிற்கிறது. உயர் தொழில்நுட்பக் கல்வி பற்றி யோசிக்க 1945இல் அமைக்கப்பட்ட குழுவின் தலைவர் இவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பாணியில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு பெரிய நிறுவனங்கள் வேண்டும் என்றது குழு. கிழக்கில் கரக்பூர் 1951இல் வந்தது. அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த, 1931இல் இரண்டு கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்ட ஹிஜ்லி முகாமில்தான் வகுப்புகள் நடந்தன. தெற்கில் 1959இல் கிண்டிக் காட்டில் ஐ.ஐ.டி. வந்தது. ஜே.ஈ.ஈ. எழுதுகிற லட்சக்கணக்கான பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, கல்லூரிப் படிப்பை முடிக்காத ஒரு இன்சூரன்ஸ்காரர் கொடுத்த அறிக்கையிலிருந்து இது கிளம்பியது என்று தெரியும்?

1948 ஜனவரியில் பழைய ஐவரில் ஒருவரான பி.சி. ராய் முதல்வராகி, நிதியை இவரிடம் ஒப்படைத்தார். 1949இல் ராய் வெளிநாடு போயிருந்தபோது முதல்வர் பொறுப்பையும் பார்த்துக்கொண்டார். பட்ஜெட் போடுகிறவருக்கு அதைவிட மோசமான காலம் வாய்க்காது. மாகாணம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. சணல் ஆலைகள் இந்தப் பக்கம், சணல் விளையும் நிலத்தில் பெரும்பகுதி அந்தப் பக்கம். சியால்தா ஸ்டேஷனில் அகதிகள். இத்தனைக்கும் நடுவே டில்லி, வருமான வரிப் பங்கீட்டில் வங்காளத்தின் 20 சதவிகிதத்தை மேற்கு வங்கத்துக்கு 12 ஆகக் குறைத்தது. பரப்பு குறைந்தது, பங்கும் குறைந்தது என்பது டில்லியின் கணக்கு. வரி கட்டுகிற கல்கத்தா எங்கேயும் போய்விடவில்லையே என்பது கல்கத்தாவின் கணக்கு. சணல் ஏற்றுமதி வரியில் மாகாணங்களுக்குக் கிடைத்து வந்த 62.5 சதவிகிதமும் 20 ஆயிற்று. வங்காளத்திலிருந்து கழித்ததில் ஒரு பகுதி சென்னை மாகாணத்துக்கு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: இங்கே 15 சதவிகிதம் 18 ஆக உயர்ந்தது. 1950இல் சி.டி. தேஷ்முக் செய்த மறுபங்கீட்டில் மேற்கு வங்கத்துக்கு 13.5 கிடைத்தது. வரிப் பங்கில் டில்லி ஓரவஞ்சனை செய்கிறது என்று இன்று சென்னையில் பேசுகிறவர்களின் குரலை, முக்கால் நூற்றாண்டுக்கு முன் காங்கிரஸ் ஆண்ட கல்கத்தாவிலேயே கேட்டிருக்கலாம்.

கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரை அறிந்தவர்களுக்கு இந்த வார்ப்பு புதிதாக இருக்காது. தொழில் குடும்பம், சுயராஜ்யக் கட்சி, பிரிட்டிஷ் காலப் பதவிகள், சுதந்திரத்துக்குப் பின் நிதியமைச்சு. இருவரும் இறந்ததும் ஒரே ஆண்டில். சர்க்கார் 1953 ஜனவரியில், செட்டியார் மே மாதத்தில்.

மூன்று ஆண்டு கழித்து, 1956 ஜனவரியில், ஆயுள் இன்சூரன்ஸ் தேசியமயமானது. செய்தவர், வங்காளத்துக்கு ஒன்றரை சதவிகிதம் கூட்டிக் கொடுத்த அதே தேஷ்முக். இந்துஸ்தான் உள்பட 245 நிறுவனங்கள் ஒன்றாகி, செப்டம்பரில் எல்.ஐ.சி. பிறந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் எம்.சி.டி. சிதம்பரம் செட்டியார் தம் யுனைடெட் இந்தியா கம்பெனிக்காகத் தொடங்கிய மாடிக் கட்டடமும் அப்படித்தான் எல்.ஐ.சி. பில்டிங் ஆயிற்று.

கம்பெனியின் பெயர் இன்னோர் இடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெற்குக் கொல்கத்தாவில் கரியாஹாட் பக்கம் இந்துஸ்தான் பார்க், கம்பெனி மனை போட்டு விற்ற பகுதி. மொழியியல் அறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜி அங்கே வீடு கட்டிக் குடியிருந்தார். ஜோதி பாசுவின் குடும்ப வீடும் அங்கேதான், 55ஏ. சர்க்கார் பட்ஜெட் வாசித்த சட்டசபையில் எதிர்வரிசை கம்யூனிஸ்டாக இருந்த பாசு, 1977இல் முதல்வரானார். அவருடைய நிதியமைச்சர் அசோக் மித்ரா, மாநிலத்துக்கு வரவேண்டிய வரிப் பங்கைக் கேட்டு டில்லியோடு மல்லுக்கு நின்றார்.