நான்காவது மூலை

சென்ற குளிர்காலத்தில் ஏலத்தில் ஒரு மரக் கேமரா வாங்கினேன். மான்செஸ்டருக்கு அருகே ஆல்ட்ரிங்காமில் இருந்த தோர்ன்டன்-பிக்கார்ட் செய்தது. நாலே முக்காலுக்கு ஆறரை அங்குலக் கண்ணாடித் தகட்டில் படமெடுப்பது. மகோகனிச் சட்டம் கோணியிருந்தது. நேராக்க வேண்டுமானால் நான்கு மூலைகளையும் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும்.

அந்தக் காலத்துத் தச்சர்கள் ஒட்டியது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரப்பசையால். ஈரமும் 60 டிகிரி போலச் சூடும் பட்டால் அது மறுபடி இளகிவிடும். பித்தளைப் பாகங்களையும் திருகாணிகளையும் முதலில் கழற்றி வைத்தேன். ஊசிக்குழலால் இணைப்பின் இடுக்கில் வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வழிந்ததை உடனே துடைத்தேன். பிறகு வெந்நீரில் சூடேற்றிய மெல்லிய கத்தியை நுழைத்துக் காத்திருந்தேன். அரை மணி நேரத்தில், பல்லும் பல்லுமாகக் கோத்திருந்த மூலை சத்தமில்லாமல் நழுவி வந்தது. நனைந்த தோல் வாடை அடித்தது. ஸ்பிரிட் விட்டால் பசை நீர் வற்றி நொறுங்கும். ஆனால் மரத்தின் மேலுள்ள அரக்கு மெருகும் அதில் கரைந்துவிடும். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்று மூலைகள் இப்படி வந்தன. நான்காவது அசையவில்லை. இடுக்கில் மஞ்சளாகப் பிதுங்கி இறுகியிருந்தது எப்பாக்சி. முன்பு யாரோ பழுதுபார்த்திருக்கிறார். இரவு பதினொரு மணி, எனக்குப் பொறுமை போய்விட்டது. மரச்சுத்தியலால் தட்டினேன். பசை அப்படியே இருக்க, இரண்டு பற்கள் முறிந்தன.

அவரைத் திட்டிக்கொண்டேதான் படுத்தேன். மென்பொருளில் கை வைக்குமுன், பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வழி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை அவசரத்தில், யாராலும் பிரிக்க முடியாதபடி நானே ஒட்டிவிட்டு வந்த இடங்களும் உண்டு. அவரும் கேமரா உறுதியாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார். தட்டியது என் கை.

முறிந்த இடத்தைச் செதுக்கி, வேறு மகோகனித் துண்டை வைத்து இழைத்தேன். நிறம் சற்றே வேறாகத் தெரிகிறது. நான்கு மூலைகளையும் வச்சிரப்பசையாலேயே ஒட்டினேன், ஈரம் கண்டால் தளரும் என்று தெரிந்துதான். அடுத்து இதைத் திறப்பவருக்கு வெந்நீர் போதும்.