குறைவிலே நிறைவு: எளிய கைத்தொலைபேசி பற்றிய சில சிந்தனைகள்

மனிதன் ஆக்கிய கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் தொடக்கத்தையே எழுதுகின்றனர். முதலிற் கண்டுபிடித்தவர் யார், முதலிற் பயன்படுத்தியவர் யார் என்ற வினாக்களுக்கு விடை கிடைத்ததும் வரலாறு முற்றுப்பெற்றதாகக் கருதப்படுகின்றது. ஆயினும், ஒரு கருவி மாளிகையையும் அலுவலகத்தையும் விட்டு இறங்கி வயலுக்கும் கடற்கரைக்கும் அடுப்படிக்கும் வந்துசேரும் நாளே சமுதாய வரலாற்றில் முதன்மையான நாளாகும். அரிக்கன் லாம்பும், துவிச்சக்கரவண்டியும், தையல் இயந்திரமும், திரான்சிஸ்டர் வானொலியும் அவ்வாறு வந்துசேர்ந்தவை. அந்த வரிசையிற் பிந்தி வந்து முந்திக்கொண்டது எளிய கைத்தொலைபேசி. விலை குறைந்தது, பாரம் குறைந்தது, நீடித்து உழைப்பது என்ற மூன்று குணங்களுமே அதன் பெருமை. இம்மூன்றும் தற்செயலாக ஓரிடத்திற் கூடியவையா, அன்றி ஒரே வேரிலிருந்து முளைத்தவையா என்பது ஆராயத்தக்கது.

கைத்தொலைபேசி பிறந்தபோது இம்மூன்றில் ஒன்றுகூட அதனிடம் இருக்கவில்லை. 1973 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள், மோட்டோறோலா நிறுவனத்தின் பொறியியலாளர் மார்ட்டின் கூப்பர் நியூயோர்க் நகர வீதியில் நின்று கையிலேந்திய தொலைபேசியில் முதன்முதலாகப் பேசினார். அவர் கையிலிருந்த கருவி ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையது. அதன் வழிவந்து 1983 இல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்ற டைனாடக் என்னும் தொலைபேசியின் விலை 3,995 டொலர். ஏறத்தாழ அரைமணி நேரம் பேசியதும் அதன் மின்கலம் தீர்ந்துவிடும்; மீண்டும் மின்னேற்றுவதற்குப் பல மணித்தியாலங்கள் வேண்டும். அது வணிகப் பிரபுக்களின் கைச்செங்கல். தென்னாசியாவிலே கைத்தொலைபேசிச் சேவையை முதலில் தொடங்கிய நாடு இலங்கையே, ஆண்டு 1989. எனினும், அந்த முதன்மையினால் இலங்கையின் தோட்டத் தொழிலாளிக்கோ மீனவருக்கோ விளைந்த நன்மை எதுவுமில்லை. சேவை நாட்டுக்கு வந்தது வேறு. மக்களுக்கு வந்தது வேறு.

அது மக்களுக்கு வந்த கதையை அறிவதற்கு 2003 ஆம் ஆண்டில் அறிமுகமான நொக்கியா 1100 என்ற ஒரே கருவியை எடுத்து நோக்கினாற் போதும். நிறை 86 கிராம். நிறமற்ற சிறிய திரை. ஒளிப்படக் கருவி இல்லை, வானொலி இல்லை, இணையம் இல்லை. பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், விடிகாலையில் எழுப்பும்படி மணி வைக்கலாம், ஓய்வு கிடைத்தாற் பாம்பு விளையாட்டு ஆடலாம். இவற்றோடு தலைப்பக்கத்தில் ஒரு சிறு மின்சூள். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது ஒளிரும். தூசு புகாதவாறு ஒரே விரிப்பாக வார்க்கப்பட்ட பொத்தான்தட்டு. வியர்த்த கையிலிருந்தும் வழுவாத பக்கங்கள். இக்கருவி 25 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. உலகில் மிகுதியாக விற்ற கைத்தொலைபேசி என அது இன்றும் பேசப்படுகின்றது.

இக்கருவியை வடிவமைத்தோர் யாரை மனத்திற் கொண்டனர் என்பதை அதன் உறுப்புகளே சொல்கின்றன. மின்சாரம் இல்லாத, அல்லது இருந்தும் அடிக்கடி நின்றுபோகும் வீட்டிலே வாழ்பவருக்கே மின்சூள் தேவை. புழுதி வீதியில் நடப்பவருக்கும் மாவரைக்கும் ஆலையில் நிற்பவருக்கும் தூசு புகாத பொத்தான்தட்டு தேவை. வெயிலில் உடலுழைப்பவருக்கே கை வியர்க்கும். முந்திய காலங்களில் வறியவர்க்கென ஆக்கப்பட்ட பொருள் என்றால், செல்வர்க்கென ஆக்கியதன் தரங்குறைந்த நகல் என்பதே பொருள். இங்கோ, வறியவரின் நாளாந்த வாழ்வு கூர்ந்து நோக்கப்பட்டு, அதிலிருந்து ஒரு கருவி பிறந்தது. இலாப நோக்கமே இதற்குத் தூண்டுகோலாயிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நோக்கம் எதுவாயினும், விளைவில் ஒரு மதிப்பு இருந்தது.

மேலே எழுந்த வினாவுக்கு இனி வரலாம். ஒரு பொருள் கீழே விழும்போது அதனைத் தாக்கும் ஆற்றல் அதன் நிறைக்கு நேர்விகித சமமானது என்பது பள்ளிப் பௌதிகம். நிறை பாதியானால் அடியும் பாதியாகும். ஆகவே, பாரமின்மை என்பது சட்டைப்பைக்கு மட்டும் வசதியானதன்று. கருவியின் ஆயுளுக்கும் அதுவே காப்பு. பெரிய கண்ணாடிமுகம் இல்லாமையால் உடைவதற்கு ஒன்றுமில்லை. விழுந்தால் மேல்மூடி ஒருபுறமும் மின்கலம் மறுபுறமுமாகத் தெறிக்கும். அந்தத் தெறிப்பிலேயே அடியின் வேகம் செலவாகிவிடும். பொறுக்கியெடுத்துப் பொருத்தினால் மீண்டும் உயிர்பெறும். செய்யும் வேலைகள் சில என்பதால் மின்சாரம் சிறிதே வேண்டும், அதனால் மின்கலம் சிறிதாகலாம், அதனால் நிறை மேலும் குறையும், விலையும் குறையும். இவ்வாறு ஒன்றிலிருந்து மற்றொன்றாகத் தொடரும் இந்த நன்மைகளுக்கெல்லாம் வேர் ஒன்றே. வேண்டியது எது, வேண்டாதது எது எனத் தெளிந்து, வேண்டாததை விலக்கும் துணிவே அந்த வேர். சிக்கனமும் உறுதியும் பகையானவை என்ற பொதுவான எண்ணத்தை இச்சிறு கருவி பொய்யாக்கியது.

எழுத்தறியாதவரும் இக்கருவியை ஆண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. பெயர்களை வாசிக்க மாட்டாத மூதாட்டி, இரண்டாம் பொத்தானை நெடுநேரம் அழுத்தினால் மகனின் குரல் வரும் என்று பழகிக்கொள்வாள். பல குடும்பங்கள் ஒரே தொலைபேசியைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை அவதானித்த நொக்கியா நிறுவனம், 2007 இல் வெளியிட்ட 1200 என்னும் தொலைபேசியில் ஐந்து தனித்தனி எண்பட்டியல்களுக்கு இடமளித்தது. அழைத்துவிட்டு, மறுமுனையில் எடுக்குமுன் துண்டிக்கும் ‘மிஸ்ட் கோல்’ என்ற வழக்கமோ எந்த நிறுவனமும் திட்டமிடாதது. ஒரு சதமும் செலவின்றி ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்றும் ‘நீங்கள் எடுங்கள்’ என்றும் சொல்ல மக்களே கண்டுபிடித்த மொழி அது.

குரலைக் கொண்டுசெல்வதால் பொருளாதாரத்தில் என்ன விளையும் என்பதற்கு அயலிலே ஒரு சான்றுண்டு. 1997 முதல் 2001 வரையான காலத்திற் கேரளத்தின் வடபகுதிக் கரையோரத்திற்குக் கைத்தொலைபேசிச் சேவை படிப்படியாக வந்தது. பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் அக்காலத்து மத்தி மீன் சந்தைகளை ஆராய்ந்து, தம் முடிவுகளை 2007 இல் வெளியிட்டார். அதற்கு முன்னர் ஒரு துறையில் வாங்குவாரின்றி மீன் கொட்டப்பட்ட அதே காலையில், சில மைல் தொலைவிலிருந்த மற்றொரு துறையில் மீனுக்குத் தட்டுப்பாடு நிலவிற்று. கடலில் நின்றே விலை விசாரிக்க முடிந்தபின், வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாதொழிந்தது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் உயர, நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் இறங்கியது. விற்பவனும் வாங்குபவனும் ஒருங்கே நன்மையடைவது வணிகத்தில் அரிது. கென்யாவில் 2007 இல் தொடங்கிய எம்-பெசா என்னும் பணம் அனுப்பும் முறையும் இத்தகைய எளிய தொலைபேசிகளிலேயே இயங்கியது. வங்கிக் கணக்கில்லாத தொழிலாளி, நகரத்திலிருந்தபடியே கிராமத்துத் தாய்க்குப் பணம் அனுப்ப முடிந்தது.

இலங்கைத் தமிழர் வாழ்வில் இக்கருவிக்கு வேறொரு பொருளும் உண்டு. போர்க்காலத்தில் வடபகுதியின் தொலைபேசித் தொடர்புகள் நீண்டகாலம் அறுந்து கிடந்தன. கடல்கடந்த பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகவே கொழும்புக்குப் பயணஞ்செய்து, விடுதியொன்றில் தங்கி, தொலைத்தொடர்பு நிலையத்துக் கூண்டுக்குள் தம் முறைக்காகக் காத்திருந்த பெற்றோர் பலர். 2002 பெப்ரவரியிற் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னரே கைத்தொலைபேசி யாழ்ப்பாணத்துச் சாதாரண மக்களின் கைக்கு வரலாயிற்று. வெற்றிலையும் சில்லறையும் இருந்த கொட்டைப்பெட்டிக்குள் அதற்கும் ஓரிடம் கிடைத்தது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்த குரல்கள் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் கேட்டன. பிரிந்த குடும்பங்களை அக்கருவி ஒன்றுசேர்க்கவில்லை. ஆயினும் பிரிவைத் தாங்கத்தக்கதாக்கியது.

ஒரு பொருளின் ஆயுள் அதனை ஆக்கியவரின் கையில் மட்டும் இல்லை. திருத்துபவரின் கையிலும் உண்டு. சந்தியிலே ஒரு சிறு மேசையும் நாலைந்து திருப்புளிகளும் பற்றாசு கோலும் கொண்டு பிழைத்த இளைஞர்களே இக்கருவிகளுக்கு மருத்துவராயினர். தேய்ந்த பொத்தான்தட்டைச் சில நிமிடங்களில் மாற்றலாம். மூடி உடைந்தால் இறப்பர் பட்டி போட்டுக் கட்டலாம். இதன் மின்கலமோ பற்பல தொலைபேசிகளுக்குப் பொதுவானதாய் அமைந்தது. தொலைபேசி இறந்தபின்னும் அது சிறு வானொலிகளிலே வாழ்ந்தது. அப்பொதுமைக்கும் ஓர் ஆபத்து இருந்தது. ஒரு காலப்பகுதியில் ஆக்கப்பட்ட 4 கோடியே 60 இலட்சம் மின்கலங்கள் மின்னேற்றும்போது அளவுக்கு மிஞ்சிச் சூடேறக்கூடும் என 2007 இல் நொக்கியாவே எச்சரித்து, அவற்றை மாற்றித் தர முன்வந்தது. மின்கலம் கையாற் கழற்றத்தக்கதாயிருந்தமையாற் பாவனையாளரே அதனை எடுத்து இலக்கம் பார்த்து மாற்றிக்கொள்ள முடிந்தது. பின்வந்த திறன்பேசிகளில் மின்கலம் பசையால் ஒட்டிப் பூட்டப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் ஆக்கிய ஒழுங்குவிதியோ, சில விலக்குகளுடன், 2027 பெப்ரவரி முதல் மின்கலங்கள் பாவனையாளரே கழற்றத்தக்கனவாயிருத்தல் வேண்டும் என விதித்தது. ஏழையின் தொலைபேசியில் இயல்பாயிருந்த ஒன்றைச் செல்வந்த நாடுகள் சட்டமியற்றி மீட்கவேண்டியதாயிற்று.

மலிவான பொருளைப் புகழும்போது, அதனை மலிவாக ஆக்கிய கைகளை மறப்பது முறையன்று. சென்னைக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் நொக்கியாவின் தொழிற்சாலை 2006 இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்களே அங்கு பெருந்தொகையினராய்ப் பணிபுரிந்தனர். வரித் தகராறும் நிறுவனக் கைமாற்றமும் ஒன்றன்பின் ஒன்றாக வர, 2014 நவம்பரில் அங்கு உற்பத்தி நிறுத்தப்பட்டது. உலகின் நீடித்துழைக்கும் தொலைபேசிகளைப் பொருத்திய கைகளுக்கு நீடித்த உழைப்பு கிடைக்கவில்லை. கருவியின் உறுதிக்கு அளித்த கவனத்தில் ஒரு பங்கையேனும் தொழிலாளரின் வாழ்வுறுதிக்கு அளிக்க எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை போலும்!

எளிய கைத்தொலைபேசியின் மிகப்பெரும் பலவீனம் அதற்கு வெளியிலேதான் உள்ளது. கல்லில் விழுந்தும் சாகாத கருவி, கோபுரத்திலிருந்து வரும் அலை நின்றதும் செத்துவிடும். யப்பானில் 2012 அளவிலும், சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலும் இரண்டாந் தலைமுறை வலையமைப்புகள் மூடப்பட்டன. அன்று அந்நாடுகளில் எத்தனையோ நல்ல கருவிகள் ஒரு கீறலுமின்றிப் பயனற்றுப் போயின. நான்காந் தலைமுறை வலையமைப்பில் இயங்கும் எளிய தொலைபேசிகள் பின்னர் வந்தன என்பது உண்மையே. இந்தியாவில் 2017 இல் அறிமுகமான ஜியோபோன் அவற்றுள் ஒன்று. எனினும், உழைக்கும் கருவியை எறிந்துவிட்டு மற்றொன்றை வாங்கும்படி வறியவரைப் பணிப்பதற்கு இயல்பான வளர்ச்சி என்று பெயரிடுவது பொருந்தாது.

அலை நிற்காத இடத்திலும் மற்றொரு வகை மரணம் உண்டு. எல்லோரிடமும் திறன்பேசி இருக்கின்றது என்ற எடுகோளே அது. 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோயினால் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் இணையத்துக்குச் சென்றன. குரல்மட்டும் கேட்கும் தொலைபேசி இருந்த வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறையின் கதவு சாத்தப்பட்டது. 2022 இல் எரிபொருட் பங்கீட்டுக்கென ஒரு சதுரக் குறியீடு வழங்கப்பட்டபோது நிலைமை சற்று வேறுபட்டது. அக்குறியீட்டைத் தாளில் அச்சிட்டும் கொண்டுசெல்லலாம் என்றிருந்தமையால், திறன்பேசி இல்லாதவரும் வரிசையில் நின்று எண்ணெய் பெற முடிந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு தாள் அளவே. ஆனால், அந்தத் தாளுக்கு இடமளிப்பதா இல்லையா என்பதிலேதான் ஒரு திட்டம் யாருக்காக வகுக்கப்பட்டது என்பது தெரியவருகின்றது.

பழையதைப் போற்றிப் புதியதைப் பழிப்பது பயனற்ற முயற்சி. திறன்பேசி திறந்துவிட்ட அறிவுலகம் பெரிது. அதனை ஏழைப் பிள்ளைக்கு மறுப்பதும் அநீதியே. ஆயின், வேண்டியவர் மேலே செல்வதற்குப் படி அமைப்பது ஒன்று. கீழ்ப்படியில் நிற்பவரின் காலடியிலிருந்து அப்படியை உருவிவிடுவது மற்றொன்று. வங்கியும் வைத்தியசாலையும் பாடசாலையும் அரச அலுவலகமும், ஒரு சாதாரண அழைப்பினாலோ குறுஞ்செய்தியினாலோ அணுகத்தக்கனவாய் இருக்கும் வரைக்கும், விலையும் பாரமும் குறைந்த அச்சிறு கருவி தன்னை வைத்திருப்பவரைச் சமுதாயத்தின் உறுப்பினராய் வைத்திருக்கும். அந்த அழைப்புக்கு மறுமுனையில் எவரும் இல்லாது போனால், எத்தனை முறை விழுந்தெழுந்த கருவியாயினும் அதனாற் பயனில்லை. கருவி நீடித்து உழைத்தது. அதற்கு ஈடாகச் செவிசாய்க்க வேண்டியது சமுதாயத்தின் முறை.