பூச்சி பிடித்த இரவுகள்

நெற்வேர்க் சுவிற்ச் ஒன்றிடம் கேள்வி கேட்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 'ஷோ', மற்றது 'டிபக்'. 'ஷோ' என்று தட்டினால், தன்னிடம் ஏற்கனவே எழுதி வைத்திருப்பதை ஒருமுறை காட்டிவிட்டு அது பேசாமல் இருந்துவிடும். எந்த வாசல் திறந்திருக்கிறது, எந்த வாசலால் எத்தனை பழுதான பொதிகள் வந்தன, எத்தனை நாட்களாக விழித்திருக்கிறது... இப்படி. 'டிபக்' அப்படியல்ல. அதைத் தட்டிய கணத்திலிருந்து சுவிற்ச் தன் வேலையைச் செய்துகொண்டே, செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டும் இருக்கவேண்டும். 'இது வந்தது, இதற்கு இப்படிச் செய்தேன்' என்று, நிறுத்தச் சொல்லும்வரைக்கும். தலையில் மூட்டையோடு படி ஏறுகிறவனை நிற்கவும் விடாமல், ஏறுகிற ஒவ்வொரு படியையும் விபரிக்கச் சொல்வதுபோல.

சிஸ்கோ கம்பனியின் கையேடுகள் இதை மறைப்பதில்லை. டிபக் வெளியீட்டுக்குச் செயலியில் முன்னுரிமை உண்டு, அது கருவியையே பயன்படாமல் ஆக்கிவிடக்கூடும், ஆகவே குறித்த ஒரு கோளாறைத் தேடும்போது மட்டும், போக்குவரத்துக் குறைந்த நேரத்தில் பாவியுங்கள் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். போக்குவரத்துக் குறைந்த நேரம் என்றால் இரவு. இரவு என்றால் நாங்கள்.

நாங்கள் என்பது ரொறொன்ரோவில் ஒரே அறையில் இரவு வேலை பார்த்த நான்கு தமிழர். எண்பத்தேழுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் இடையில் வந்து சேர்ந்தவர்கள். கோப்பை கழுவினோம், தொழிற்சாலைகளில் பெட்டி அடுக்கினோம், பின்னேரங்களில் வகுப்புக்குப் போனோம். சிஸ்கோ 1998 இல் தன்னுடைய ஆரம்பநிலைச் சான்றிதழைக் கொண்டுவந்தபோது ஸ்காபரோவின் மாடிக்கட்டடங்களில் அந்தப் புத்தகத்தின் போட்டோப்பிரதிகள் கைக்குக்கை மாறின. அதைப் பாடமாக்கியவர்களில் நாங்களும் சிலர். பகலில் வேலை கிடைத்தவர்களுக்குப் பொறியியலாளர் என்று பெயர். எங்களுக்கு அப்படிப் பெயர் எதுவும் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அவ்வளவுதான்.

டிபக் என்ற சொல்லுக்குப் பூச்சி எடுத்தல் என்று பொருள். 1947 செப்ரெம்பர் 9 ஆம் திகதி ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணிப்பொறிக்குள் ஒரு விட்டில் அகப்பட்டு, அதைப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். அந்தக் கதையை கிறேஸ் ஹொப்பர் ஊரெல்லாம் சொன்னதால் சொல் அங்கேதான் பிறந்தது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் எடிசன் 1878 இலேயே தன் கருவிகளின் கோளாறுகளைப் பூச்சி என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். விட்டிலை ஒட்டியவர்களும், 'உண்மையாகவே ஒரு பூச்சி அகப்பட்டது இதுதான் முதல்முறை' என்ற பொருளில்தான் பக்கத்தில் குறிப்பு எழுதினார்கள். பகிடி அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களில் மூத்தவர் கற்றுத்தந்த முதல் பாடம் டிபக்கை எப்படிப் போடுவது என்பதல்ல.

"அண்ணை, டிபக் போடட்டோ?"

"பொறும் தம்பி. போடுறதுக்கு முதல் நிப்பாட்டுறதை எழுதிப்போட்டு வாரும்."

இது பகிடியில்லை. டிபக் கட்டளையைத் தட்டுமுன் 'அன்டிபக் ஓல்' என்று, அதாவது எல்லா விசாரணையையும் நிறுத்து என்று, ஒருமுறை தட்டிவிடவேண்டும். அப்போது நிறுத்த ஒன்றுமே இராது. ஆனால் அந்தக் கட்டளை சுவிற்சின் ஞாபகத்தில் ஏறிவிடும். பிறகு திரை வெள்ளமாய்ப் பாய்ந்து நாங்கள் தட்டுவது எங்களுக்கே தெரியாமல் போகும்போது, மேல்நோக்கிய அம்புக்குறியை இரண்டுதரம் அழுத்தினால் அது வந்து நிற்கும். கண்ணால் காணாமலே தட்டலாம். மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தட்டிப் பழகியவர்.

இரண்டாவது பாடம், பதில் எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பது. சும்மா விட்டால் டிபக்கின் பதில்கள் கொன்சோல் என்கிற வாசலால் வெளியே வரும். அது வினாடிக்கு 9600 பிற் வேகத்தில் ஓடுகிற பழைய கம்பி. ஒரு வினாடிக்கு 960 எழுத்து, கிட்டத்தட்டப் பன்னிரண்டு வரி. சுவிற்ச் ஆயிரம் வரி சொல்ல வெளிக்கிட்டால், ஒவ்வொரு எழுத்துக்கும் செயலியைத் தட்டித் தட்டி எழுப்பும். ஆகவே முதலில் கொன்சோலின் வாயை மூடிவிட்டு, பதில்களை உள்ளே ஒரு சிறு ஞாபகப் பெட்டிக்குள் எழுதச் சொல்லவேண்டும். நேரத்தை மில்லிவினாடி வரைக்கும் பொறிக்கச் சொல்லவேண்டும். இவ்வளவும் செய்தபிறகுதான் கேள்வி. அதுவும் ஒரேயொரு கேள்வி.

'டிபக் ஓல்' என்றும் ஒரு கட்டளை இருக்கிறது. எல்லாவற்றையும் சொல் என்று அர்த்தம். அதைத் தட்டினால் சுவிற்ச் உடனே பதில் சொல்லாது. இது நெற்வேர்க்கைக் கடுமையாகப் பாதிக்கலாம், தொடரவா என்று எங்களிடம் திருப்பிக் கேட்கும். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் என்ரரை மட்டும் அழுத்தினால், வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளும். முதன்முதல் இதைத் திரையில் பார்த்த இரவு அறையில் கொஞ்சநேரம் யாரும் கதைக்கவில்லை. எங்கள் நால்வரையும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஊரில், கதிரையும் மேசையும் இல்லாத இடங்களில். பிறகு இங்கே, தண்ணீர்ப் போத்தலும் மொழிபெயர்ப்பாளரும் இருந்த நல்ல அறைகளில். இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வது நியாயமில்லை, சொல்லவுமில்லை. ஆனால் இங்கேயும் ஒரே திகதியை மூன்றுவிதமாகக் கேட்டார்கள். தம்பி காணாமல்போனது செவ்வாயா புதனா என்று எங்களில் ஒருவரிடம் ஒரு முழுக் காலைப்பொழுதும் கேட்டார்கள். நாள் பிழைத்ததால் அவர் பொய் சொல்கிறார் என்று எழுதினார்கள். கேட்கப்படுகிறவரே 'இது என்னைக் கடுமையாகப் பாதிக்கும், தொடரவா?' என்று திருப்பிக் கேட்கிற வசதி எந்த அறையிலும் எங்களுக்கு இருக்கவில்லை.

எங்கள் கையில் இருந்த அந்தக் கட்டளையை நாங்கள் பயத்தோடுதான் வைத்திருந்தோம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2002 நவம்பரில் பொஸ்ரன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெற்வேர்க் விழுந்து, நான்கு நாட்கள் கடதாசியும் பேனையுமாக வேலைசெய்தார்கள். அதை மூடிமறைக்காமல் அந்த மருத்துவமனையின் தகவல்துறைத் தலைவர் ஜோன் ஹலம்கா வெளியில் பேசியதால் எங்களைப்போன்றவர்களும் அறிந்துகொண்டோம். அங்கே சிக்கியது ஸ்பானிங் ட்ரீ.

அது என்னவென்று சொல்லவேண்டும். சுவிற்சுகளை ஒன்றோடொன்று இரண்டு பாதைகளால் தொடுத்தால், ஒன்று அறுந்தாலும் மற்றது இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றாகத் திறந்திருந்தால் பொதிகள் வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். ஈதர்நெற் பொதிக்கு ஆயுள் என்று ஒன்று குறிக்கப்படவில்லை, அது சாகாது, பெருகும். இதைத் தடுக்க, மேலதிகப் பாதையை அடைத்து மிச்சத்தை ஒரு மரம்போல ஆக்குகிற வழிமுறையை 1985 இல் ராடியா பேர்ள்மன் என்ற பெண் வகுத்தார். 1990 இல் அது நியமமாயிற்று. அதை விளக்க அவர் ஒரு சிறு கவிதையும் எழுதியிருக்கிறார். இலக்கியச் சஞ்சிகை என்பதால் சொல்லிவைக்கிறோம்.

2004 ஜனவரி. மறை இருபதுக்குக் கீழே குளிர் போன ஒரு இரவு. நாங்கள் பார்த்த நெற்வேர்க்குகளில் ஒன்று ஒரு மருத்துவமனையினுடையது. ஒரு மணிபோல அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. நிலக்கீழ் அறையில் இருந்த ஆய்வுகூடத்தின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் திரையில் வந்துகொண்டிருந்து திடீரென்று உறைகின்றன, அரை நிமிடத்தில் திரும்ப ஓடுகின்றன, மறுபடி உறைகின்றன. எங்கள் பக்கம் எல்லா விளக்குகளும் பச்சை.

நடுச் சுவிற்சின் செயலி அறுபது வீதத்துக்கு மேல் நின்றது. எல்லாப் பாதைகளும் அதனூடாகத்தான் போகின்றன. தொலைபேசியில் எழுப்பப்பட்ட பகல்நேரப் பொறியியலாளர் நித்திரைக் குரலில், நடுச் சுவிற்சிலேயே டிபக்கைப் போட்டுப் பாருங்கள் என்றார். எங்களில் இளையவருடைய விரல்கள் ஏற்கனவே விசைப்பலகையில். மூத்தவர் கையால் மறித்தார். அனுமதி வாயால்தான் வந்தது, எழுத்தில் வரவில்லை. அது விழுந்தால் அவசர சிகிச்சையும் ஆய்வுகூடமும் சேர்ந்து விழும். பழி எங்கே வந்து நிற்கும் என்பதையும் நாங்கள் அறிவோம். அதைவிட முக்கியமானது, அங்கே கேட்டாலும் பதில் வராது என்று அவர் சொன்னார். சுவிற்சில் சாதாரணப் போக்குவரத்தைச் செயலி காண்பதேயில்லை. அதற்கென்று உள்ள சில்லுகள் அதை அந்தந்த இடத்திலேயே கடத்திவிடுகின்றன. செயலி காணாததை டிபக்கும் காணாது. புதிதாக வருகிறவர்கள் டிபக்கைப் போட்டுவிட்டு, ஒன்றும் வரவில்லை, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

'ஷோ' போட்டோம். ஸ்பானிங் ட்ரீயின் விபரத்தைக் கேட்டோம். மரத்தின் வடிவம் எத்தனைதரம் மாறியது என்று அது எண்ணி வைத்திருக்கும். எண்ணிக்கை நாலு இலக்கத்தில் நின்றது. கடைசி மாற்றம் பதினொரு வினாடிக்கு முன், இன்ன வாசல் பக்கமிருந்து.

மரத்தில் ஒரு கிளை அசைந்தால் பழைய விலாசங்கள் பிழையாக இருக்கலாம் என்று எல்லாச் சுவிற்சுகளும் எண்ணிக்கொள்ளும். வழமையாக ஒரு கருவி எந்த வாசலில் இருக்கிறது என்பதைச் சுவிற்ச் 300 வினாடி நினைவில் வைத்திருக்கும். மாற்றம் என்று அறிவித்தல் வந்தால் அது 15 வினாடியாகச் சுருங்கிவிடும். அந்தப் 15 வினாடிக்குள் வாய்திறக்காதவனை மறந்துவிடும். பிறகு அவனுக்கு வருகிற பொதியை எங்கே கொடுப்பதென்று தெரியாமல் எல்லா வாசல்களுக்கும் ஊற்றும். ஆய்வுகூடத்துப் பழைய இயந்திரம் 10 மெகாபிற் கம்பியில் இருந்தது. யாருக்கோ வந்த கடிதங்களெல்லாம் அதன் வாசலில் வந்து குவிந்து, அதனுடைய பேச்சுத்தான் அடைபட்டது.

அந்த வாசலின் வழியே அடுத்த சுவிற்சுக்குப் போனோம். அதனிடமும் அதே கேள்வி. அது இன்னொரு வாசலைக் காட்டியது. மூன்றாவது, நாலாவது. மூன்றாம் மாடியில் ஒரு சிறு அலுமாரிக்குள் இருந்த சுவிற்சோடு வழி முடிந்தது. மாற்றம் அதற்குள்ளேயே பிறக்கிறது என்பது தெரிந்தது. ஆனால் வாசல்கள் திறந்து மூடுவதைப் பதியவேண்டாம் என்று எப்போதோ யாரோ அதற்குக் கட்டளை போட்டிருந்தார்கள். கணினிகளை அணைத்து எழுப்பும்போதெல்லாம் பதிவேடு நிரம்புகிறதாம். ஷோவிடம் இனிச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் செயலியோ எட்டு வீதத்தில், சும்மா இருந்தது.

"இப்ப போடும்" என்றார் மூத்தவர்.

நிறுத்தும் கட்டளை முதலில். கொன்சோலின் வாய் மூடியாயிற்று. ஸ்பானிங் ட்ரீயின் நிகழ்வுகளை மட்டும் சொல் என்று கேட்டோம். இளையவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறு வினாடி. நிறுத்தினோம். பெட்டிக்குள் ஒன்பது வரிகள் இருந்தன. பதினேழாம் வாசல் கேட்கத் தொடங்கியது, பதினைந்து வினாடியில் கற்கத் தொடங்கியது, இன்னொரு பதினைந்தில் கடத்தத் தொடங்கியது, மாற்ற அறிவித்தல் மேலே அனுப்பப்பட்டது. சில வினாடிகளில் வாசல் விழுந்தது, மறுபடி அறிவித்தல், மறுபடி கேட்கத் தொடங்கியது. ஒன்பது வரிக்குள் இரவின் முழுக்கதையும் இருந்தது.

பதினேழாம் வாசல் மூன்றாம் மாடித் தாதியர் மேசைக்குப் போகிறது. மேசைக்கணினிகளின் வாசல்களுக்கு 'போர்ட்பாஸ்ற்' என்றொரு சலுகை கொடுக்கவேண்டும். கொடுத்தால் அவை விழுந்து எழும்புவதை மரம் பொருட்படுத்தாது. அந்த மாடிக்கு அதைக் கொடுக்க மறந்திருந்தார்கள். தொலைபேசியில் இரவுத் தாதி மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். வயரின் முனையில் இருந்த கிளிப் உடைந்திருந்தது. பக்கத்தில் சூடுகாற்றுத் துவாரம். குளிர் கடுமையான அந்த இரவில் காற்று அடித்து நின்று அடித்து நின்று, அடிக்கும்போதெல்லாம் வயர் அசைந்திருக்கிறது. தான் என்ன செய்யவேண்டும் என்று அவர் கேட்டார். அழுத்திப் பிடித்து எதையாவது வைத்து ஒட்டச் சொன்னோம். ஒட்டினார். எண்ணிக்கை நின்றது. கொஞ்சநேரத்தில் அவசர சிகிச்சையிலிருந்து, முடிவுகள் ஒழுங்காக வருகின்றன என்று சொன்னார்கள்.

காலையில் பொறியியலாளர் வந்து, நடுச் சுவிற்சில் ஏன் டிபக் போடவில்லை என்றுதான் முதலில் கேட்டார். மூத்தவர் ஒன்பது வரிகளையும் அச்செடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மற்ற மாடிகளில் அந்தச் சலுகை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு படிவம் நிரப்பினோம். அனுமதி மார்ச்சில் வந்தது. வயரை மாற்றப்போன பெடியன் மாத்திரம் அன்றைக்கே வந்து குறைப்பட்டுக்கொண்டான். தாதி காயத்துக்குப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்ரரால் நாலு சுற்றுச் சுற்றியிருந்தாராம், உரிக்க அரைமணித்தியாலம் எடுத்ததாம்.