நீ வாயை மூடினா உனக்கும் கேட்கும்!

வியாழக்கிழமை விடியற்காலையில எங்க அய்யலூர் சந்தைக்கு வந்திருக்கீங்களா, ஃப்ரெண்ட்ஸ்? ஆடு கத்தும், சேவல் கூவும், வியாபாரிங்க அதுக்கும் மேல கத்துவாங்க. அந்தக் கூச்சல்ல ஒரு குட்டி லேசா செருமினா எங்கப்பாவுக்கு மட்டும் கேட்டுடும். ‘இது வேணாம்’னு நகர்ந்துடுவார். “எப்படிப்பா?”ன்னா, “நீ வாயை மூடினா உனக்கும் கேட்கும்டா”ம்பார்.

பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம். செமினாருக்கு எனக்கு வந்த தலைப்பு, ‘டெராஹெர்ட்ஸ் கதிர்களைப் பிடிக்கும் மீக்கடத்தி சென்சார்கள்’. தலை சுத்திச்சு. படிச்சுப் பார்த்தா, அப்பா சொன்ன அதே விஷயம்!

மைக்ரோ அலைக்கும் அகச்சிவப்புக்கும் நடுவுல இருக்கறது டெராஹெர்ட்ஸ். நட்சத்திரம் பிறக்கிற குளிர்ந்த தூசி மேகங்கள்லேர்ந்து இந்த அலை வருது. ஆனா ரொம்ப மெலிசு. 1 டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானோட ஆற்றல் சுமார் 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். நம்ம ரூம் சூட்டுல எந்தப் பொருளுக்குள்ளயும் துள்ளுற வெப்ப ஆற்றல் சுமார் 25. சென்சாரே ஆறு மடங்கு கத்திட்டிருந்தா வெளியில வர்ற முணுமுணுப்பு எப்படிக் கேட்கும்?

அதனால சென்சாரைக் குளிர வைக்கறாங்க. 1911-ல் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் கொண்டுபோனப்ப, அதோட மின்தடை சட்டுனு காணாமப் போச்சு. அதுதான் மீக்கடத்தல். ஒரு மெல்லிய படலத்தை, தடை போகலாமா வேண்டாமான்னு நிக்கிற அந்த விளிம்புல வெச்சா போதும். துளி கதிர் பட்டாலே தடை எகிறிடும்.

2009-ல் ஏவின ஐரோப்பாவின் ஹெர்ஷல் விண்தொலைநோக்கியிலயும் மீக்கடத்தி சென்சார்கள் இருந்துச்சு. செரஸ் குறுங்கோள்லேர்ந்து நீராவி வருதுன்னு கண்டுபிடிச்சது அதுதான். கூடவே 2,300 லிட்டருக்கு மேல திரவ ஹீலியம் கொண்டுபோச்சு. 2013 ஏப்ரல்ல ஹீலியம் தீர்ந்தது. குளிர்ச்சி போச்சு, காதும் போச்சு!

அவ்வளவு தூரம் போவானேன்? இதே மீக்கடத்தி குடும்பத்து ‘ஸ்க்விட்’ சென்சாரை நம்ம கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல செஞ்சு, இதயமும் மூளையும் உண்டாக்குற மெல்லிய காந்தப்புலத்தை அளந்திருக்காங்க.

செமினார்ல செம கைதட்டல். ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்தா பக்கத்துக் கட்டில் காலி. ஃபீஸ் கட்ட முடியாம ரூம்மேட் ஊருக்குப் போயிட்டான். முந்தின வாரம் ரெண்டு தடவை, “மாப்ள, ஒரு விஷயம்...”னு ஆரம்பிச்சான். ரெண்டு தடவையும் நான், “இருடா, இந்த டெராஹெர்ட்ஸ் இருக்கே...”ன்னு ஆரம்பிச்சுட்டேன்.

அடுத்த வாரம் வேடசந்தூர்ல, அவன் வேலைக்குச் சேர்ந்திருந்த மில் வாசல்ல போய் நின்னேன். ஷிஃப்ட் முடிஞ்சு வந்தான். டீக்கடையில உட்கார்ந்தோம். “சொல்லுடா”ன்னேன். ஒரு மணி நேரம் நான் வாயே திறக்கலை. திரும்பி வருவானான்னு இன்னும் முடிவாகலை. ஆனா இப்ப பேசறான்.

உங்க பக்கத்துக் கட்டில்ல யாராவது ‘ஒரு விஷயம்’னு ஆரம்பிச்சு பாதியில நிறுத்தியிருந்தா, இன்னிக்கு ராத்திரியே கேட்டுடுங்க ஃப்ரெண்ட்ஸ்.