மூன்றெழுத்து வண்டிகள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் அடுக்கம்பாறையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கணியம்பாடி. தென்மேற்கே சவ்வாது மலை நீலக் கோடாய்த் தெரியும். மலையடிவாரத்து அமிர்திக்குப் போகிறவர்கள் இவ்வூர் வழியே போவார்கள். சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றின் மரப்பலகை நமக்கு நெடுநாளாய் வாடிக்கையான இருக்கை. கடைக்காரர் நம் தலையைக் கண்டதும் சர்க்கரை குறைத்துத் தேநீர் போடத் தொடங்கிவிடுவார்.

நாம் அங்கே அமர்வது தேநீருக்காக மட்டும் அன்று. பழைய லாரிகளைக் காண்பதற்காக. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. விடியலில் எழுந்து ஏரிக்கரையில் பறவை பார்ப்பவரை உலகம் மதிக்கிறது. இடிந்த மண்டபத்தில் கல்வெட்டைப் படியெடுப்பவரை அறிஞர் என்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் செங்கல் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்கி வரும் லாரியை ஒருவன் கண்கொட்டாமல் பார்த்தால் மட்டும் அவனுக்கு வேறு வேலை இல்லை என்கிறது! பிரிட்டனில் இது மதிப்பான பொழுதுபோக்கு. இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய லாரிகளைச் சாலையில் இனங்கண்டு, எண்ணைக் குறித்து, படம் பிடித்து மகிழ்வோர் அங்கே பலர். எட்டி ஸ்டோபார்ட் என்ற போக்குவரத்து நிறுவனம் தன் லாரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் பெயரைச் சூட்டி வந்தது. அப்பெயர்களைத் தேடித் தேடிக் குறித்துக்கொள்வதே அங்குள்ள குடும்பங்களுக்குப் பயண விளையாட்டாயிற்று. நம் லாரிக்காரர்கள் மகளின் பெயரை நெற்றியில் எழுதுவது போலத்தான்.

பழைய வண்டியை இங்கே இனங்காண்பது எளிது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு பதிவான வண்டிகளுக்கு மாநிலத்தின் ஈரெழுத்தும் அலுவலகத்தின் எண்ணும் சேர்ந்த பதிவெண். வேலூர் என்றால் டி.என். 23, திருவண்ணாமலை என்றால் டி.என். 25. அதற்கு முந்தியவற்றுக்கு மூன்று எழுத்தும் ஓர் எண்ணும் மட்டுமே. ஆகவே மூன்றெழுத்துப் பலகையுடன் ஒரு லாரி எதிரே வந்தால் அதன் அகவையை ஊகித்துக்கொள்ளலாம். இப்படிப்பட்டவை இப்போது மிக அரிது. ஒரு மாதம் உட்கார்ந்தால் ஒன்று கண்ணில் படலாம், படாமலும் போகலாம்.

முகத்தைப் பார்த்தும் சொல்லிவிடலாம். டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 1954-இல் ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் 1969-இல் முடிந்தது. முகப்பிலிருந்த நட்சத்திரமும் போயிற்று. ஆனாலும் அதன் பின் பல ஆண்டுகள் நம்மவர் வாயில் அது ‘டாட்டா பென்ஸ்’தான். நம் சென்னை எண்ணூரிலோ, 1948-இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகத் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் இணைந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதன் காமெட் லாரியே நம் இளமைச் சாலைகளின் அரசன். வால்நட்சத்திரம் என்று அதற்குப் பொருள் என்பதை நாம் அறிந்துகொண்டது வெகுகாலம் கழித்துத்தான்.

லேலண்ட் என்பது இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1896-இல் நீராவி வண்டி செய்யத் தொடங்கிய தொழிற்சாலை அது. 1993-இல் அந்நிறுவனம் நொடித்துப் போயிற்று. அவ்வூரில் இன்றும் லாரிகள் செய்யப்படுகின்றன. ஆனால் அவை தாங்கி வருவது டாஃப் என்ற டச்சுப் பெயரை. பழைய லாரிகளுக்கு ஓர் அருங்காட்சியகமும் அங்கே 1983 முதல் இருக்கிறது. ஊரின் பெயரைச் சுமந்து நெடுஞ்சாலையெங்கும் ஓடும் புது லாரிகளைக் காண வேண்டுமானால் நம் நாட்டுக்குத்தான் வர வேண்டும்.

லாரிக்கும் ஒரு வாழ்க்கைப் படிநிலை உண்டு. அந்நாளில் முன்முகமும் எஞ்சினும் சட்டமும் மட்டுமே தொழிற்சாலையிலிருந்து வரும். நாமக்கல் பட்டறைகளில் அதற்கு மரத்தாலும் இரும்பாலும் கூடு கட்டி வண்ணம் பூசுவார்கள். இளமையில் அது தேசிய பெர்மிட்டுடன் டெல்லி, கல்கத்தா என்று ஓடும். பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்த சாதாரண லாரிக்குத் தேசிய பெர்மிட் இல்லை என்பது விதி. எனவே கைமாறி, மாநிலத்துக்குள் ஓடும். மேலும் தளர்ந்ததும் மாவட்டத்துக்குள் வந்து செங்கல், ஜல்லி, வைக்கோல், கரும்பு என்று கிடைத்ததை ஏற்றும். கடைசியில் தண்ணீர் வண்டி. அதற்கும் அப்பால் காயலான் கடை. கணியம்பாடியில் நம் முன்னால் ஓடுவன பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிகளில் நிற்பவை. ஊர் சுற்றி ஓய்ந்து, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடிக்க வேண்டிய வயதில் இன்னும் மூட்டை சுமப்பவை.

நம் குறிப்பேட்டில் இவற்றின் எண், வகை, கண்ட நாள், ஏற்றிய சுமை எல்லாம் ஒழுங்காய் எழுதப்பட்டிருக்கும். அதில் நமக்கு ஒரு செருக்கும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் செருக்கு ஒரு முற்பகலில் உடைந்தது.

அன்று கண்ணமங்கலம் பக்கமிருந்து ஒரு காமெட் வந்தது. மூன்றெழுத்துப் பலகை. செங்கல் பாரம். நெற்றியில் மங்கிய எழுத்தில் ‘வேளாங்கண்ணி மாதா துணை’. நமக்கு மகிழ்ச்சி தாளவில்லை. பலகையிலிருந்து எழுந்து சாலையோரம் சென்று, குறிப்பேட்டை விரித்து, எண்ணை எழுதினோம். நம்மைக் கடந்து போன வண்டி, கடைக்கு அப்பால் சாலை சற்றே சரியும் இடத்தில் நின்றது. ஓட்டுநர் இறங்கினார். அறுபதைத் தாண்டியவர். இடக்காலைச் சற்று இழுத்தபடி விரைந்து வந்தார். கையில் ஒரு பாலித்தீன் பை, அதற்குள் வண்டியின் காகிதங்கள். பையின் மேல் நான்காய் மடித்த நூறு ரூபாய்த் தாள்.

“சார், எஃப்.சி. இருக்குது. இன்சூரன்சும் நடப்புலதான் இருக்குது. பாருங்க சார்” என்றார். நூறு ரூபாய் நம் குறிப்பேட்டை நோக்கி நகர்ந்தது.

நமக்கு உடல் கூசியது. நாம் அதிகாரி அல்ல என்றோம். அவர் முகத்தில் அச்சம் குறையவில்லை, கூடியது. “அப்ப பைனான்ஸ் ஆளா சார்? இந்த மாசம் கட்டிட்டேனே!” என்றார். அதுவும் இல்லை, பழைய லாரிகளைப் பார்ப்பதில் நமக்கு ஓர் ஆசை, அதனால் எழுதினோம் என்று சொன்னோம். சொல்லும்போதே அந்த வார்த்தைகள் நம் காதுக்கே பொய்யாய் ஒலித்தன. அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாய்ச் சொன்னார்: “என் நம்பரை எழுதுனவன் எவனும் நல்லதுக்கு எழுதுனது இல்ல சார்.”

நாம் எத்தனை ஆண்டுகளாய் எத்தனை எண்களை எழுதியிருக்கிறோம்! அவற்றை ஓட்டியவர்களில் எத்தனை பேர் கண்ணாடியில் நம்மைக் கண்டு, அடுத்த ஊர் வரை நெஞ்சு படபடக்கப் போனார்களோ! பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்யும்போது ஒருநாளும் நம் நினைவுக்கு வராத கணக்கு இது.

அவரை அமரச் செய்து தேநீர் சொன்னோம். வண்டி 1986-இல் பதிவானதாம். அவர் ஐந்தாவது உரிமையாளர். எஞ்சினைப் பலமுறை பிரித்துக் கட்டியாயிற்று, கேபின் புதிது, பின்கூடு இரண்டாவது, கியர்பெட்டி வேறொரு வண்டியுடையது. “அப்படியானால் பழசு எது?” என்று கேட்டோம். “சேஸிஸ் சார். சேஸிஸ் நம்பர்தான் வண்டி. மத்ததெல்லாம் சட்டை” என்றார். உடலின் உயிர்ப்பைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். இந்தச் சொல்லை அங்கெல்லாம் கேட்டதில்லை.

அவர் கிறிஸ்தவர் அல்லர். நெற்றியிலுள்ள மாதாவின் பெயர் மூன்றாவது உரிமையாளர் எழுதியது. கேபினை மாற்றியபோது பட்டறைக்காரர் அந்தப் பலகையை எறியப் போனாராம். இவர் தடுத்து மீண்டும் பொருத்தச் செய்திருக்கிறார். “இத்தினி வருஷம் காப்பாத்துனவங்களை எப்படி சார் கீழ எறக்கறது?” என்றார்.

மலைக்கு ஏற்றுவாரா என்று கேட்டோம். சவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் பலாவும் இறங்கும் காலத்தில் நல்ல வாடகை கிடைக்குமே! அவர் தலையசைத்தார். “ஏறிடும் சார். எறங்குறதுதான். பிரேக்கை நான் நம்புவேன், எதிர்ல வர்றவன் எப்படி நம்புவான்? சமவெளியோட சரி.” ஸ்டியரிங் திருப்பித் திருப்பித் தோள் தேய்ந்த கதையையும், கிளச்சை மிதித்து மிதித்து இடக்கால் போன கதையையும் பிறகு சொன்னார். மகன் வழிப் பேரன் ஓட்டுநர் உரிமம் எடுத்திருக்கிறானாம். இந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்கிறானாம். 2025 அக்டோபர் முதல் நாளிலிருந்து செய்யப்படும் புதிய லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். பேரன் கேட்பதில் என்ன தவறு?

நாம் அழகு என்று எழுதி வைத்தது அவருடைய கடன். நாம் ‘கம்பீரமான ஓசை’ என்று குறித்தது அவர் காது மந்தமானதன் காரணம். இதை அவர் சொல்லவில்லை. இருமுறை உரக்கக் கேட்க வேண்டியிருந்தபோது நாமே உணர்ந்தோம். வண்டி விட்ட கரும்புகை கடை வரை வந்து, நம் தேநீர்க் குவளையைச் சுற்றி நின்று கலைந்ததையும் மறைப்பதற்கில்லை. அருகே பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பழைய வண்டிகளை ஒழிக்கும் கொள்கையை நடுவண் அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கி வைத்தது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த கனரக வண்டியின் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 12,500 ரூபாய் என்று விதி வந்தது. டெல்லியிலோ பத்தாண்டு கடந்த டீசல் வண்டி ஓடவே கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. மூச்சுத் திணறும் குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு இவை நியாயமானவை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலைத் துணைக்கு அழைக்கலாம் என்றால், அது இரு பக்கமும் நிற்கிறது. பொருளையும் மனிதரையும் பயன் தீர்ந்ததும் வீசியெறியும் பண்பாட்டை அவர் கண்டிக்கிறார். காற்றை நஞ்சாக்குவதையும் கண்டிக்கிறார். ஒரே மடலில் இரண்டும் இருக்கின்றன. நாற்பதாண்டு வண்டியைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டுகிறவர் முதலாவதற்குச் சான்று. அவர் வண்டியின் புகைக்குழாய் இரண்டாவதற்கு. நமக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. ஆனால் ஒன்று: வண்டியை எடுத்துக்கொள்வோர், அவர் எஞ்சிய நாள்களில் எதை ஓட்டுவார் என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும். எடைக்குப் போடும் இரும்பின் விலையில் புது லாரியின் சக்கரங்களைக்கூட வாங்க முடியாது.

தேநீருக்கு நாம் காசு எடுத்தோம். அவர் நம் கையைப் பிடித்துத் தடுத்து, அந்த நான்காய் மடித்த நூறு ரூபாயைப் பிரித்துக் கடைக்காரரிடம் நீட்டினார். மீதியை எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நாம் குறிப்பேட்டைத் திறந்து, அவர் பார்க்க அந்த எண்ணை அடித்துவிட எண்ணினோம். பேனாவை வைக்கும் முன் அவர் குனிந்து பார்த்தார்.

“தப்பா எழுதியிருக்கீங்க சார். கடைசி எட்டு இல்ல, மூணு. மண்ணு படிஞ்சிருக்குது.” பிறகு சற்று நேரம் பேசாதிருந்தார். “திருத்தி எழுதுங்க. சேஸிஸ் நம்பரும் சொல்றேன், எழுதிக்குங்க. வண்டி போனப்புறம் எங்கனாச்சும் எழுதியிருக்கட்டும்.”

காகிதத்தைப் பாராமலே ஒவ்வோர் எழுத்தாய், இலக்கமாய்ச் சொன்னார். எழுதினோம். திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தோம். சரி என்று தலையசைத்துவிட்டுப் புறப்பட்டார்.

சரிவு பார்த்து நிறுத்தியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை போலும். கை பிரேக்கை விட்டதும் வண்டி ஓசையின்றி, செங்கல் பாரத்தோடு, மெல்ல உருளத் தொடங்கியது. புளியமரத்தைத் தாண்டியதும் கிளச்சை விட்டார். இருமுறை இருமி, எஞ்சின் பிடித்துக்கொண்டது.