எஞ்சினின் மூச்சு

நம் இளைஞர்களுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று பெரியோர் பலர் குறைகூறக் கேட்கின்றோம். அக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், ஒரு யந்திரத்தைக் கழற்றி, அதன் உள்ளுறுப்புக்களைக் கையால் தொட்டறிந்து, மீண்டும் பூட்டத் துணியும் பிள்ளையை வெறும் பைத்தியக்காரன் என்று தள்ளிவிட நமக்கு மனம் வருவதில்லை. அந்தத் துணிவோடு ‘ஏன்?’ என்று கேட்கும் பழக்கமும் சேர்ந்திருக்கின்றதா என்பதே நாம் பார்க்கவேண்டிய விஷயம். சேராவிடில் கைப்பொருள் முழுவதும் பட்டறைக்குப் போய்ச் சேரும். எவ்வாறு போகும் என்பதை நம் குடும்பத்திலேயே கண்டோமாதலின், வேறு சில வீடுகளிலாவது பணம் மிஞ்சட்டும் என்று கருதி இதனை எழுதுகின்றோம்.

நம் தமக்கையாரின் மகன் கிள்ளானில் வேலை பார்ப்பவன். அவனிடம் ஒரு புரோட்டோன் வீரா இருக்கின்றது. 1993-இல் வெளிவந்த அவ்வகைக் கார் மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டது. ஆகவே லான்சர் குடும்பத்து எஞ்சின்கள் அதிற் பெருந்தொல்லையின்றிப் பொருந்தும். ஜப்பானிலிருந்து முன்பாதி மட்டும் வெட்டி இறக்கப்படும் கார்களை ‘ஹாஃப்கட்’ என்பர். அவ்வாறு வந்த லான்சர் ஜி.எஸ்.ஆர். ஒன்றின் டர்போ எஞ்சினை, 1,834 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ளதை, அவன் வாங்கிப் பொருத்திச் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் முறைப்படி பதிந்துகொண்டான். அத்துடன் நின்றானா? இல்லை. டர்போவின் அழுத்தத்தைத் தொழிற்சாலை வைத்த அளவினும் உயர்த்தி 15 பவுண்டு ஆக்கினான். எண்ணெய் ஆவியைப் பிடிப்பதற்கென்று விற்கப்படும் பளபளப்பான அலுமினியப் பெட்டி ஒன்றையும் பூட்டினான். அதைக் ‘கேட்ச் டேங்க்’ என்று சொல்லுகின்றனர்.

சில மாதங்களில் நோய் தொடங்கிற்று. நெடுஞ்சாலையில் விரைவாக ஓட்டிக் காலைத் தளர்த்தினால் பின்னே நீலப்புகை எழும். 1,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் குறையும். இண்டர்கூலர்க் குழாயைக் கழற்றினால் உட்புறமெல்லாம் எண்ணெய். எண்ணெய் அளக்கும் குச்சி, ஓட்டம் முடிந்து பார்க்கும்போது, தன் இடத்தைவிட்டு அரை அங்குலம் எழும்பியிருக்கும்.

பட்டறையில் ‘டர்போ போய்விட்டது’ என்றனர். 1,800 வெள்ளிக்கு வேறொரு டர்போ பூட்டப்பட்டது. இரண்டு வாரத்தில் அதே புகை. மறுபடி போனான்; ‘ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும், 6,000 வெள்ளி ஆகும்’ என்று பதில் வந்தது. அவன் கையில் அத்தொகை இருந்தது. ஆனால் அது காருக்கென்று வைத்த பணமன்று. நம் தமக்கையார் முப்பதாண்டுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். வேலை நின்றால் தோட்டத்து வீட்டையும் திருப்பித் தரவேண்டும் என்பது தோட்டத்தில் வாழ்ந்தோர் யாவரும் அறிந்ததே. ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டிற்கு முன்பணமாகச் சேர்த்தது அது. காரில்லாமல் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாமல் மீதிப் பணம் சேராது என்று கணக்குப் போட்டு, அம்முன்பணத்திற் கைவைக்க எண்ணியபோதுதான் நம்மிடம் வந்தான். நாம் இருபதாண்டுக் காலம் பஸ் கம்பெனிப் பட்டறையில் ஸ்பானர் பிடித்தவர்.

“எதையாவது அளந்து பார்த்தார்களா?” என்று கேட்டோம்.

“இல்லை மாமா, புகையைப் பார்த்தே சொன்னார்கள்” என்றான்.

இங்கே எஞ்சின் எவ்வாறு மூச்சுவிடுகின்றது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயு முழுவதும் பிஸ்டனைத் தள்ளுவதில்லை. பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாயிருந்தாலும் அவற்றின் இடுக்கு வழியே ஒரு சிறு பகுதி கீழேயுள்ள கிராங்க் பெட்டிக்குள் நழுவிவிடும். புது எஞ்சினிலும் இது உண்டு; டர்போவின் அழுத்தம் கூடக்கூட இதுவும் கூடும். நழுவிய வாயு எண்ணெய்த் துளிகளையும் நீராவியையும் சுமந்துகொண்டு வெளியேற வழிதேடும். வழியில்லாவிடில் ஆயில் சீல்களைப் பிதுக்கும், அளவுக்குச்சியைத் தள்ளும்.

நம் தந்தையார் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் டீசல் எஞ்சின் ஓட்டியவர். அவ்வெஞ்சினுக்கு வளைந்த இரும்புக் குழாய் ஒன்றுதான் மூச்சுவழி. அது நேரே வெளிக்காற்றில் திறந்திருக்கும். காலையில் எஞ்சின் சூடேறியதும் தந்தையார் அக்குழாய்க்கு முன்னே உள்ளங்கையைப் பிடித்து, அதிற்படியும் எண்ணெயைக் கொண்டு ரிங்குகளின் நிலையைச் சொல்லிவிடுவார். கார்களுக்கும் பழங்காலத்தில் அத்தகைய திறந்த குழாயே இருந்தது. அதனால் காற்று கெடுகின்றதென்று 1961-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், அவ்வாவியை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே செலுத்தி எரித்துவிடும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கிற்று. அந்த ஏற்பாட்டின் காவற்காரன்தான் பி.சி.வி. வால்வு என்னும் விரலளவுச் சாமான்.

டர்போ காரில் இக்காவற்காரனுக்கு வேலை இரட்டிப்பு. மெதுவாக ஓடும்போது காற்றுப் புகும் மேனிபோல்டில் உறிஞ்சல் இருக்கும். அவ்வுறிஞ்சல் வால்வு வழியே கிராங்க் பெட்டியின் ஆவியை இழுத்துக்கொள்ளும். டர்போ அழுத்தத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். மேனிபோல்டில் இப்போது உறிஞ்சலில்லை, 15 பவுண்டு அழுத்தம். வால்வு உடனே இறுக மூடிக்கொள்ள வேண்டும். ஆவி மற்றொரு குழாய் வழியாக, ஏர் பில்டருக்கும் டர்போவுக்கும் இடையே போய்ச் சேரவேண்டும். வால்வு மூடாமற்போனால் டர்போவின் காற்றே கிராங்க் பெட்டிக்குள் பாயும். மற்றக் குழாய் குறுகியிருந்தால் உள்ளே உண்டாகும் ஆவியே வெளியேற மாட்டாது.

இதற்கும் டர்போ எண்ணெய் கசிவதற்கும் என்ன சம்பந்தம்? நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுக்கு மேல் சுழலும் டர்போத் தண்டிற்கு ரப்பர் சீல் போடுவதில்லை, சூட்டில் நில்லாது. மெல்லிய உலோக வளையங்களும் இருபுறத்து வாயு அழுத்தமுமே எண்ணெயைத் தடுத்து நிறுத்துகின்றன. தாங்கியில் ஓடிய எண்ணெய் தன் பாரத்தாலேயே கீழிறங்கிக் கிராங்க் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அங்கே அழுத்தம் ஏறி நின்றால் எண்ணெய் இறங்காது, தேங்கும், வளையத்தைத் தாண்டிப் புகைக்குழாய்க்குள்ளும் இண்டர்கூலருக்குள்ளும் போகும். நல்ல டர்போவும் கெட்ட டர்போவைப்போலப் புகைவிடுவது இதனாலேயே. ஒன்றுக்கு இரண்டாக மாற்றினாலும், பத்தாக மாற்றினாலும் புகை நிற்குமா?

பெருஞ்செலவு எதுவோ அதை முதலில் சோதிப்பது நம் வழக்கம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கம்பிரஷன் கேஜ் வைத்தோம். நான்கு சிலிண்டரும் 150 பவுண்டை ஒட்டியே காட்டின; ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பார்த்தபோதும் அளவு பெரிதாக ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் விட்டதும் அளவு தாவியிருக்கும். பின்னர்ச் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, எங்கே சீறுகின்றதென்று காதுகொடுத்தோம். எண்ணெய் மூடியின் வழியே மெல்லிய ஓசைதான். 6,000 வெள்ளிப் பேச்சு அங்கேயே முடிந்தது.

அடுத்து, நின்ற நிலையில் எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் மூடியைத் திறந்து மெல்லிய காகிதம் ஒன்றை வைத்தோம். காகிதம் உட்புறம் ஒட்டிக்கொண்டது. அஃதாவது எல்லாம் சரி என்று காட்டிற்று. இந்த இடத்திற்றான் பலர் ஏமாறுகின்றனர். டர்போவின் நோயை டர்போ வேலை செய்யும்போதன்றோ பார்க்க வேண்டும்? பழைய எண்ணெய் மூடி ஒன்றில் துளையிட்டு, ரப்பர்க் குழாய் செருகி, சாதாரண வாக்குவம் கேஜ் ஒன்றைக் காருக்குள் கொணர்ந்தோம். அதில் 10 பவுண்டு வரை அழுத்தமும் காணலாம். கோம்பாக்கிலிருந்து காராக் நோக்கி ஏறும் நெடுஞ்சாலையில், மூன்றாம் கியரில், அவன் ஓட்ட நாம் முள்ளைப் பார்த்தோம். டர்போ அழுத்தியவுடன் முள் 4 பவுண்டில் நின்றது. ஒரு பவுண்டைக்கூட எட்டலாகாத இடம் அது.

வீடு திரும்பி பி.சி.வி. வால்வை இழுத்து ஊதினோம். எஞ்சின் பக்கமிருந்து ஊதினாலும் போயிற்று, மேனிபோல்டுப் பக்கமிருந்து ஊதினாலும் போயிற்று. எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிவிடலாம் என்று அவன் அவசரப்பட்டான், நாம் இசையவில்லை. எது எவ்வளவு குற்றவாளி என்று பின்னர்த் தெரியாமற்போகும். புது வால்வு மட்டும் போட்டு மறுநாள் அதே ஏற்றம் ஏறினோம். முள் ஒன்றரைக்கு இறங்கிற்று. மீதி எங்கே?

மீதி அந்த அலுமினியப் பெட்டியில் இருந்தது. திறந்தால் உள்ளே தடுப்பு ஒன்றுமில்லை. ஒரு துண்டு ஸ்பாஞ்சு மாத்திரம், அதுவும் வெண்ணெய் போன்ற கசடு பிடித்து அடைத்திருந்தது. நம் நாட்டு ஈரக்காற்றில், குறுந்தூரமே ஓடும் கார்களில், எண்ணெயும் நீரும் கலந்து இவ்வாறு திரளும். பெட்டியின் வாய்க்குழாயோ 9 மில்லிமீட்டர். எஞ்சினின் இரண்டு மூச்சுக்குழாய்களையும் அதில் ஒன்றாய்ச் சேர்த்திருந்தனர். அழகுக்கு வாங்கிய சாமான் மூச்சை அடைத்தது. 19 மில்லிமீட்டர்க் குழாயும், உள்ளே தடுப்புத் தகடும் கம்பிவலையும் உள்ள வேறு பெட்டியும் பூட்டி, அதன் வெளிவாயை டர்போவுக்கு முன்னாலுள்ள குழாயில் இணைத்தோம். டர்போவின் உறிஞ்சல் துணைசெய்யும். சிலர் அவ்வாயைத் திறந்தே விடுகின்றனர். அதில் அழுத்தம் குறையும் என்பது மெய்யே. ஆனால் காருக்குள் எண்ணெய் நாற்றம், ஊர்க்காற்றுக்கும் கேடு. நாம் அதை விரும்புவதில்லை.

மூன்றாம் முறை ஏறியபோது முள் சுழியத்தை விட்டு அசையவில்லை என்றே சொல்லலாம். இண்டர்கூலரைக் கழுவினோம். அதைக் கழுவாமல் விடுவது ஆபத்து. எண்ணெய் படிந்தால் காற்று சரியாகக் குளிராது, எண்ணெய் ஆவி பெட்ரோலோடு கலந்தால் எஞ்சின் தட்டத் தொடங்கும், தட்டல் முற்றினால் பிஸ்டனில் ரிங் அமரும் விளிம்பே உடையும். அப்போது மெய்யாகவே 6,000 வெள்ளி வேண்டும். புகைக்குழாயில் தங்கிய எண்ணெய் எரிந்து தீர ஒரு வாரம் பிடித்தது. மொத்தச் செலவு 310 வெள்ளி.

ஒன்றைமட்டும் சொல்லிவைப்போம்: கம்பிரஷன் குறைந்த எஞ்சினுக்கு எந்தப் பெட்டியும் மருந்தாகாது.

தமக்கையார் வீட்டு முன்பணத்தைக் கட்டிவிட்டார். மருமகன் பதினைந்து நாளுக்கொருமுறை பெட்டியின் அடிக்குழாயைத் திறந்து, வடிவதை அளவுக் குவளையிற் பிடித்து, ஒரு நோட்டில் குறித்துவருகின்றான். மழைக்காலத்தில் நீர் மிகுதி, வெயிற்காலத்தில் எண்ணெய் மிகுதி. சென்ற தடவை இரண்டும் சேர்ந்து 20 மில்லிலிட்டர்.